வண்டி இங்கே மூன்று நிமிடம் நிற்கும்

விசில் ஊத மறுத்தே அந்தப் பேரை வாங்கியவள் விசில் அக்கா. பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். கடைசி ஆள் இரண்டு காலையும் படிக்குள் வைக்கும்வரை விசில் அவள் வாயில் இருக்கும், சத்தம் மட்டும் வராது. டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள், கண்ணாடியில் முறைத்துப் பார்ப்பார்கள். "ஏறிட்டு இருக்காங்க. உங்க தலையில தீயா பிடிச்சிருக்கு?" என்பாள். அவ்வளவுதான். வண்டி நகராது.

ஒரு மழை நாளில் அவளே படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆண்டவன் உயிரை விட்டுவைத்தான், நடையைக் கொஞ்சம் கோணலாக்கிவிட்டான். கம்பெனிக்கு அவளை வீட்டுக்கு அனுப்பவும் மனசில்லை, பஸ்ஸில் ஏற்றவும் வழியில்லை. டிப்போ அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒரு மேசையைக் காட்டி உட்கார் என்றது.

அந்த மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பயணிகள் கைபேசியில் பஸ் நேரம் பார்க்கிற இணையதளத்தின் அடுப்படி அதுதான். நூற்று நாற்பது ஸ்டாப், ஸ்டாப்புக்கு ஒரு பக்கம். அதைக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முன் பத்து நாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள்.

"நூத்திநாப்பது பக்கத்தையும் தனித்தனியா எழுத வேண்டாம்க்கா. ஒரு தாய்ப் பக்கம் எழுதி வச்சிருக்கேன். கம்பெனி பேரு, டைம் டேபிள், புகார் நம்பர் எல்லாம் அதுலயே இருக்கு. மத்ததெல்லாம் அதோட பிள்ளைங்க. பிள்ளை வாயைத் திறக்கலைன்னா தாய் சொன்னதுதான் அங்கயும் வரும்."

"பிள்ளை எதிர்த்துப் பேசினா?"

"பேசலாம். ஆனா எல்லா இடத்துலயும் முடியாது. தாய்ப் பக்கத்துல சில இடத்துக்குப் பேர் வச்சு விட்டிருக்கேன், அதுக்கு பிளாக்னு பேரு. அந்த இடத்துல பிள்ளை தன் பேச்சைப் பேசலாம்."

"அடேங்கப்பா, நல்ல குடும்பம்தான் போ. எங்க வீட்டுல இப்படி இடம் பாத்து யாரும் பேசினதில்ல."

முதல் முறையாகப் புகார் நம்பர் மாறியபோது, அக்கா தாய்ப் பக்கத்தில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் நூற்று நாற்பது பக்கங்களையும் புதிதாகச் சுட்டு எடுத்து வைத்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புது நம்பர். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு இலக்கம் தப்பியிருந்தால் நூற்று நாற்பது இடத்தில் தப்பு. அன்றிலிருந்து பொத்தானை அழுத்துமுன் கண்ணை மூடி ஆண்டவனை ஒருமுறை கூப்பிடுவாள். அழுத்தியபின் டிப்போ வாசல் ஸ்டாப்பின் பக்கத்தைத் திறந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான்.

மூன்று வருஷத்தில் முப்பத்தொரு பிள்ளைகளுக்குச் சொந்தப் பேச்சு வந்தது. நேர அட்டவணைக்குக் கீழே "அறிவிப்பு" என்று ஒரு பிளாக். தாய்ப் பக்கத்தில் அது வெறுமனே கிடந்தது. அதில் ஸ்டாப்புக்கு ஏற்றபடி அக்கா எழுதினாள். மழை பெய்தால் பள்ளத்தில் நிற்காது, மேலே பெட்ரோல் பங்க் பக்கம் வாருங்கள். நிழற்குடை பின்புறம் குளவிக்கூடு இருக்கிறது, சாய வேண்டாம். இந்த ஸ்டாப்பில் விளக்கு இல்லை, கைபேசி வெளிச்சத்தைக் காட்டினால் டிரைவருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் ஏறி இறங்கி அவளுக்குத் தெரிந்ததுதான் எல்லாம்.

அவற்றில் ஒன்று சிறுநீரக ஆஸ்பத்திரி ஸ்டாப். அங்கே ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு ஆட்கள் வெளியே வருவார்கள். முழங்கையில் பஞ்சும் பட்டையுமாக, முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி. வாசலிலிருந்து ஸ்டாப் அறுபது எட்டு. அவர்கள் வருவது கண்ணாடியில் தெரியும், பஸ் கிளம்பிவிடும். அடுத்த வண்டி ஐம்பது நிமிஷம் கழித்து. இடுப்பு வைத்தியத்துக்குப் போன நாட்களில் அக்கா இதைப் பஸ்ஸுக்குள்ளிருந்து மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை பார்க்கப் பொறுக்காமல் பழைய மேலாளரிடம் போய் நின்றாள். அவர் ஓய்வுபெறப் போகிற மனுஷர். "எழுதிப் போடும்மா, பாத்துக்கலாம்" என்றார்.

அவள் எழுதினாள்: வண்டி இங்கே மூன்று நிமிடம் நிற்கும். ஓட வேண்டாம். நடந்து வாருங்கள்.

அந்தத் தடத்து டிரைவருக்கு எல்லாரும் வைத்த பேர் அவசரம். அவன் மறுநாளே வந்து குதித்தான்.

"அக்கா, மூணு நிமிஷத்துல நான் ரெண்டு ஸ்டாப் தாண்டிடுவேன்!"

"தாண்டி? அங்க உனக்கு மாலை வச்சிக்கிட்டா நிக்கிறாங்க?"

"லேட்டுன்னு என்னைத்தான் எழுதுவாங்க."

"எழுதினா பக்கத்தைக் காட்டு. கம்பெனியே எழுதியிருக்கு, நான் நின்னேன்னு சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் நின்றான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடித்தது ஒரு கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். வாரம் மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறுவார். "இன்னிக்கு ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுலயே எடுத்துட்டான்" என்று புகார் நம்பருக்குப் போன் போடுவார். ஒரு மாதத்தில் அவசரம் மூன்று நிமிஷத்துக்குப் பழகிவிட்டான்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் புது மேலாளர் வந்து ஏறினார். படித்த மனுஷர், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. வந்த இரண்டாவது வாரம் நூற்று நாற்பது பக்கங்களையும் காகிதத்தில் அச்செடுத்தார். முப்பத்தொன்றில் சிவப்பு வட்டம் போட்டு அக்காவின் மேசையில் வைத்தார்.

"ஒரு கம்பெனின்னா ஒரு முகம் இருக்கணும்க்கா. இந்த முப்பத்தொண்ணும் துருத்திக்கிட்டு நிக்குது. எடுத்துடுங்க. தாய்ப் பக்கத்துல இருக்கிறதே போதும்."

"ஸ்டாப்புங்க ஒரே மாதிரி இல்லியே சார். பக்கம் மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?"

"குளவிக்கூடெல்லாம் ஒரு அறிவிப்பா?"

"கொட்டினவன்கிட்ட கேளுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. சிறுநீரக ஆஸ்பத்திரிப் பக்கத்தை மேலே எடுத்து வைத்தார். "முக்கியமா இது. மூணு நிமிஷம் நிக்கும்னு நாம எழுதிக் கொடுத்தா, நாளைக்கு நூத்திநாப்பது ஸ்டாப்புலயும் கேப்பாங்க. உங்க சொந்தக்காரங்க யாராச்சும் அங்க போறாங்களா?"

"இல்ல சார். இருந்தாத்தான் எழுதணுமா?"

மாதக் கடைசிக்குள் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. காகிதங்களை அடுக்கி இழுப்பறையில் போட்டு மூடினாள்.

வீட்டில் அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கிறவர். சாந்தமான ஆள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "எதுக்கும்மா வம்பு? சொன்னா எடுத்துட்டுப் போயேன்."

"நீங்க எல்லாருக்கும் ஒரே பவர்ல கண்ணாடி போடுவீங்களா?"

"அது எப்படி?"

"அவர் அதைத்தான் கேக்குறாரு."

கணவர் தட்டில் கடைசிக் கவளத்தை வழித்தார். "சரி, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பிளாக்காவது உண்டா?"

"உண்டு. அதுல நான் எழுதி வச்சாச்சு. கையைக் கழுவுங்க."

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தபோது, பாலத்தடியில் பெரிய தண்ணீர்க் குழாய் வெடித்தது. சாலை குளமாகிவிட்டது. மேலாளர் ஓடி வந்தார்: "பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னிக்கு பஸ் கிடையாது, ரயில் நிலையம் வழியா மாறிப் போகணும்னு உடனே எல்லாப் பக்கத்துலயும் போடுங்க." அக்கா தாய்ப் பக்கத்தைத் திறந்தாள். வெறுமனே கிடந்த "அறிவிப்பு" பிளாக்கில் அந்தச் செய்தியை எழுதினாள். கண்ணை மூடினாள், அழுத்தினாள். டிப்போ வாசல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். செய்தி பளிச்சென்று இருந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.

நூற்று ஒன்பது பக்கங்களில் செய்தி வந்தது. முப்பத்தொன்றில் வரவில்லை.

பிள்ளை வாயைத் திறந்தால் தாய் வாயை மூடிக்கொள்ளும். அதுதான் பிளாக்கின் சட்டம். இத்தனை நாள் தாய் அந்த இடத்தில் எதுவும் சொன்னதில்லை, அதனால் எதுவும் மறைந்ததாகத் தெரியவில்லை. முதல் தடவையாகத் தாய் பேசியபோது, தம் பேச்சைப் பேசிக்கொண்டிருந்த முப்பத்தொரு பிள்ளைகளும் அதன் குரலை மூடிவிட்டார்கள். தாய் சொன்னதையும் சேர்த்துக் காட்டு என்று பிள்ளையின் பிளாக்குக்குள் ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் பெண் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். வெறும் இடம்தானே என்று அக்கா எழுதாமல் விட்டிருந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சிறுநீரக ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஆறு பேர் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். கைபேசியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். வண்டி இங்கே மூன்று நிமிடம் நிற்கும் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு அம்மாள் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் காவலாளி தூக்கிக்கொண்டு போய் உள்ளே படுக்க வைத்தான்.

மேலாளர் முகம் கடுகு போட்டால் வெடிக்கும் போல இருந்தது. "பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். உங்க வரி அவங்களை நடுத்தெருவுல நிக்க வச்சிடுச்சு."

அக்கா மறுக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் சார். வரியோட தப்பு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல சார். ரெண்டும் வேற."

மறுநாள் அந்த ஆறு பேருக்கு ஆஸ்பத்திரி முறை இல்லை. அதற்கு மறுநாள் மதியம் ஒன்றே முக்காலுக்கெல்லாம் அக்கா கோணல் நடையோடு அந்த ஸ்டாப்பில் போய் நின்றாள். ஒவ்வொருவராக வர வர, அன்றைக்குச் செய்தியை உங்களுக்குக் காட்டாமல் விட்டது நான்தான் என்று சொன்னாள். மயங்கி விழுந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து, "விடும்மா, உசிரு போகலியே" என்றாள். கடிகாரக்காரர் விடவில்லை.

"ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம் நின்னேன். என் ஆயுசுல நான் வீணாக்க முடியாத ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம்."

"ஆமாய்யா. என் தப்பு."

"பொத்தானை அழுத்தினா போதுமா? எங்க பக்கத்தைத் திறந்து பாக்க மாட்டியா?"

"இனிமே பாப்பேன்."

அவர் இருமினார். பஸ் வந்து நின்றது. ஏறுமுன் திரும்பிக் கேட்டார்: "இதைச் சாக்கா வச்சு அந்த மூணு நிமிஷத்தை எடுத்துடுவாங்களா?"

"நான் எடுக்க மாட்டேன்."

அவள் அன்றே உட்கார்ந்தாள். முப்பத்தொரு பக்கங்களிலும், பிள்ளையின் பேச்சுக்கு மேலே, தாய் சொன்னதைச் சேர்க்கும் அந்த ஒரு வரியை எழுதினாள். தாய்ப் பக்கத்தில் "சோதனை" என்று போட்டு அழுத்தி, முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மேலே தாயின் பேச்சு, கீழே பிள்ளையின் பேச்சு. சோதனையை எடுத்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இனிமே தாய் பேசினாலும் கேக்கும், பிள்ளை பேசினாலும் கேக்கும் சார்."

"எனக்குப் பிள்ளை பேசவே வேண்டாம்னு சொல்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அழிங்க."

"தப்பா எழுதினதை நானே திருத்துவேன் சார். சரியா எழுதினதை என் கை அழிக்காது. வேணும்னா நீங்க அழிச்சுக்குங்க."

அவர் அழித்தார். வெள்ளிக்கிழமை அவள் இடுப்பு வைத்தியத்துக்குப் போன நேரத்தில், அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழித்தார். கெட்டிக்காரர், முப்பத்தொரு பக்கங்களைத் தொடவே இல்லை. தாய்ப் பக்கத்தில் "அறிவிப்பு" பிளாக்கை மட்டும் எடுத்துவிட்டார். தாயிடம் இடமே இல்லை என்றால் பிள்ளை எங்கே நின்று பேசும்? எழுதியதெல்லாம் எழுதியபடி இருந்தது, ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு அவசரம் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தான். டிப்போவில் எஞ்சின் அணைக்காமல் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"யாருக்கா அந்த வரிய எடுத்தது?"

"ஏன், உனக்கு நல்லதுதானே? ரெண்டு ஸ்டாப் தாண்டலாமே."

"விளையாடாதீங்கக்கா. இன்னிக்குப் பழக்கத்துல நின்னுட்டேன். செக்கர் ஏறி, எதுக்கு நிக்கிறேங்குறாரு. பக்கத்தைக் காட்டலாம்னு திறந்தா ஒண்ணுமே இல்ல! லேட்டுன்னு என் பேரை எழுதிட்டாரு. நின்னா இவங்க எழுதுறாங்க, நிக்கலேன்னா கடிகாரக்காரரு சாபம் விடுவாரு. நான் எங்க போய் முட்டிக்க?"

 அக்கா கம்ப்யூட்டரில் மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். யார் மாற்றினாலும் பேரும் காரணமும் எழுதினால்தான் மிஷின் பொத்தானை ஏற்கும். மேலாளரின் பேர் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தது. வெறும் முற்றுப்புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஆண்டவன் ஒரு ஈயைப் படைத்தாலும் காரணத்தோடுதான் படைப்பான் என்று நம்புகிறவள் அவள்.

பிளாக்கைத் தாய்ப் பக்கத்தில் பழையபடி வைத்தாள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: "நடக்க முடியாதவர்களுக்கு வண்டி நிற்பதற்காக. நின்ற டிரைவர் பேர் கெடாமல் இருப்பதற்காக. மறுபடி வைத்தது நான். எடுக்கிறவர் எதற்கு எடுக்கிறார் என்று வார்த்தையால் எழுதி எடுக்கவும்." அழுத்தினாள். இந்தத் தடவை சிறுநீரக ஆஸ்பத்திரிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்த்தாள். வரி இருந்தது.

மேலாளர் அரை மணியில் வந்தார். அவசரம் இன்னும் போகவில்லை, கதவில் சாய்ந்து நின்றான்.

"நான் எடுத்ததை நீங்க எப்படித் திரும்ப வைக்கலாம்?"

"காரணம் எழுதியிருக்கேன் சார். படிங்க." அக்கா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. எடுக்கணும்னா எடுங்க. தடுக்க மாட்டேன். ஆனா புள்ளி வேண்டாம். முப்பத்தொரு ஸ்டாப் ஆளுங்களுக்கு ஒரு புள்ளிதானா பதிலு?"

அவர் உட்கார்ந்தார். பிளாக்கை எடுத்தார். காரணக் கட்டத்தில் கோடு மினுக் மினுக்கென்று காத்திருந்தது. "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று தட்டினார்.

"அவ்வளவுதானே சார்? உங்க பேரோட இதை அச்செடுத்துக் குடுங்க. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நானே ஒட்டிட்டு வரேன். ஆறு பேரும் ஏன்னு கேப்பாங்க, போய் நான் என்ன சொல்ல?"

"எனக்கும் ஒரு காப்பி சார்," என்றான் அவசரம். "அடுத்த தடவை செக்கர்கிட்ட காட்டணும்."

மேலாளர் தான் எழுதியதைப் படித்தார். அழித்தார். வேறு எதையோ தொடங்கினார், அதையும் அழித்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, ஒழுங்குப் பைத்தியம். அவர் எழுத நினைத்ததை அந்த ஆறு பேர் படிப்பார்கள் என்று வந்தபோது விரல் ஓடவில்லை. கடைசியில், எடுத்த பிளாக்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தார். தோற்றுப் போனவர்கள் எதையாவது நகர்த்தாமல் போக மாட்டார்கள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து உங்க மேசை இங்க வேண்டாம். டயர் ரூமுக்குப் போயிடுங்க."

"கம்ப்யூட்டரும் கூட வருதில்ல சார்?"

மேலாளருக்கு ஒரு பிளாக்கை எடுக்கத்தான் தெரியும், தினமும் அதை ஓட்ட வேறு ஆள் இல்லை. வந்தது.

டயர் ரூமில் ஜன்னல் இல்லை. ரப்பர் வாடை தலைக்கு ஏறும். காற்றடிக்கும் கம்ப்ரசர் அரை மணிக்கு ஒரு தரம் உறுமும்போது மேசையில் பேனா தானாக நடக்கும். கணவர் காதில் வைக்கப் பஞ்சு உருட்டிக் கொடுத்தார். அந்த வாரம் பார்வை இல்லாதவர்கள் வேலை செய்யும் கூடை முடையும் கூடத்திலிருந்து ஒரு போன் வந்தது. எங்கள் ஸ்டாப்பில் மூன்று தடத்து பஸ் வருகிறது, எது எந்த பஸ் என்று எங்களுக்குத் தெரிவதில்லை, டிரைவர்கள் வாயால் சொன்னால் புண்ணியம் என்றார்கள். அவர்கள் கைபேசி பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுமாம். அக்கா அந்த ஸ்டாப்பின் பக்கத்தைத் திறந்தாள். முதல் வேலையாகத் தாய் சொன்னதைச் சேர்க்கும் வரியைப் போட்டாள். அதற்குக் கீழே எழுதினாள்: இந்த ஸ்டாப்பில் டிரைவர் கதவைத் திறந்து தட எண்ணை உரக்கச் சொல்வார். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

டயர் கணக்கெடுக்க வந்த மேலாளர் வாசலில் நின்று, திரையை எட்டிப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டாவதா?"

"ஆமா சார்." காரணக் கட்டத்தில் பேரும் காரணமும் எழுதி முடித்து, கண்ணை மூடித் திறந்து, அழுத்தினாள்.

அவர் என்னவோ சொல்லத் தொடங்கினார். கம்ப்ரசர் கிளம்பிவிட்டது. வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை வரவில்லை. அக்கா காதருகே கையைக் குவித்துக் காட்டினாள்.

"கேக்கல சார்! நீங்க குடுத்த ரூம்தான்!"